அத்தியாயம் 6: ஒரு மெஷின், இரண்டு ரம்பம்

திருநெல்வேலி டவுணில் இன்றைக்கு மரவேலையில் பெரும்பகுதி, வேலை கொடுப்பவரின் வீட்டிலேயே நடக்கிறது. ரத வீதிகளை ஒட்டிய தெருக்களில் சுவரோடு சுவர் ஒட்டிய நீள வீடுகள். பழைய நிலையை மாற்ற வேண்டும், மாடிக்கு ஜன்னல் செய்ய வேண்டும், சமையலறைக்குக் கப்போர்டு அடிக்க வேண்டும் என்று எந்த வேலை வந்தாலும், ஆசாரி தன் சாமான்களை லோடு ஆட்டோவில் ஏற்றி வந்து முற்றத்திலோ மொட்டை மாடியிலோ பட்டறை போட்டுவிடுகிறார். அங்கே இரண்டு பெரிய மெஷின்களுக்கு இடம் கிடையாது. பலகையை நெடுக்கே அறுக்கும் மேசை ரம்பமும், சட்டத்தைக் குறுக்கேயும் கோணத்திலும் வெட்டும் மைட்டர் ரம்பமும் ஒன்றாகச் சேர்ந்த கூட்டு மெஷின் இதனால்தான் நம் ஊர்த் தொழிலுக்குப் பொருந்துகிறது.

இந்த மெஷின் இல்லாத இடங்களில் வேறொரு ஏற்பாட்டைப் பார்க்கலாம். கை ரம்பத்தைத் தலைகீழாக்கி ஒரு பிளைவுட் பலகைக்கு அடியில் திருகி, மூடியைக் கழற்றிவிட்டு, சுவிட்சை ஒயரால் கட்டி ஓடவிடுவார்கள். அதில் கையைக் காக்கும் மூடி இல்லை, மரம் பிளேடைக் கவ்வாமல் தடுக்கும் தகடு இல்லை, அவசரத்துக்கு நிறுத்த சுவிட்சும் இல்லை. எவ்வளவு சின்ன வேலையானாலும் அதைத் தொடாதீர்கள். இருக்கிறதென்றால் இன்றே கழற்றிவிடுங்கள்.

கம்பெனியில் செய்து வரும் கூட்டு மெஷினில் இந்தக் காப்புகள் எல்லாம் உண்டு. ஆனால் அதற்கே உரிய ஓர் ஆபத்தும் உண்டு. மேசை ரம்பத்தில் நாம் மரத்தைப் பிளேடுக்குக் கொண்டுபோகிறோம். மைட்டர் ரம்பத்தில் பிளேடை மரத்துக்குக் கொண்டுவருகிறோம். ஒன்றில் இரண்டு கையும் மரத்தைத் தள்ளும். மற்றதில் மரம் அசையவே கூடாது. ஒரு மணி நேரம் ஒரு வேலையைச் செய்து பழகிய கை, மெஷின் மாறிய பிறகும் அதே பழக்கத்தில் போகும். கண்ணும் பிளேடின் ஒரு பாதியைத்தான் கவனிக்கும். மேசைக்கு மேலேயும் கீழேயும் பிளேடின் இரண்டு பாதிகள் சுற்றுவது மறந்துபோகும். ஆகவே இந்த அத்தியாயத்தின் அடிப்படை விதி ஒன்றுதான்: இதை இரண்டு மெஷின்களாகவே நினையுங்கள். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும் ஒவ்வொரு முறையும் பிளக்கைப் பிடுங்கி, எல்லாவற்றையும் முதலிலிருந்து சரிபார்த்துத் தொடங்குங்கள்.

மெஷினின் இரண்டு வகை

கூட்டு மெஷின் இரண்டு வகையில் வருகிறது. முதல் வகை, மேல் மேசை வைத்தது. பார்வைக்குச் சாதாரண மைட்டர் ரம்பம்போல இருக்கும். ஆனால் மோட்டார்த் தலையின் மேலே ஒரு சிறு மேசை உண்டு. தலையைக் கீழே அழுத்திப் பூட்டி, மேல் மேசையை இறக்கினால், பிளேடின் மேல் பாதி மேசைக்கு வெளியே நீட்டும். அதுவே மேசை ரம்பம். இரண்டாவது வகை, புரட்டும் மேசை. இதில் மேசையையே தலையோடு சேர்த்துப் புரட்டிப் போட வேண்டும்.

முதல் வகை எடை குறைவு. மாடிக்குத் தூக்கிப் போகலாம். ஆனால் மேல் மேசை சிறியது, நெடுக்கு வெட்டின் ஆழமும் குறைவு. ரீப்பர், பீடிங், பலகை அறுக்கப் போதும்; கனமான நிலைச்சட்டத்துக்குப் போதாது. இரண்டாவது வகையில் ஆழம் கூடுதல், எடையும் கூடுதல். உங்கள் மெஷின் எத்தனை மில்லிமீட்டர் ஆழம்வரை அறுக்கும் என்பது அதன் கையேட்டில் இருக்கும். அந்த அளவை மெஷினின் உடம்பிலேயே பெயின்ட்டால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டிய மரத்தைத் திருப்பிப் போட்டு இரண்டு வெட்டாக அறுக்க முயல வேண்டாம். அறுவை மில்லுக்கு அனுப்புங்கள்.

பிளேடு எந்தப் பக்கம் சுற்றுகிறது

உதைப்பு ஏன் வருகிறது என்று தெரிந்தவருக்கு விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. மெஷினின் முன்னால் நின்று பாருங்கள். பிளேடின் கீழ்ப்பகுதிப் பற்கள் உங்களைவிட்டு விலகிப் பின்பக்கம் போகின்றன. மேல்பகுதிப் பற்கள் உங்களை நோக்கி வருகின்றன. எந்த வேலைக்கு மாற்றினாலும் இந்தச் சுழற்சி மாறுவதில்லை.

மைட்டர் ரம்பமாக ஓட்டும்போது வெட்டுவது கீழ்ப் பற்கள். அவை மரத்தைப் பின் தடுப்பின்மேல் சாய்த்து அழுத்துகின்றன. மரம் தடுப்போடு ஒட்டியிருக்கும்வரை இது நமக்கு உதவி. இடைவெளி இருந்தாலோ, பிளேடு மரத்தைப் பிடித்து அடித்துத் திருப்பிவிடும்.

மேசை ரம்பமாக ஓட்டும்போது வெட்டுவது மேல் பற்கள். முன்பக்கப் பற்கள் கீழே இறங்கி மரத்தை மேசையில் அழுத்துகின்றன, அதில் பயமில்லை. பின்பக்கப் பற்களோ கீழிருந்து மேலே ஏறி உங்களை நோக்கி வருகின்றன. அறுபட்ட மரம் கோணிப்போய் அந்தப் பின் பற்களைத் தொட்டால், அவை மரத்தைத் தூக்கி உங்கள்மேலேயே வீசும். இதுதான் உதைப்பு. மரம் போய்விட்ட பிறகு, அதைத் தள்ளிக்கொண்டிருந்த கை பிளேடின்மேல் விழுவதே பெரிய காயத்துக்குக் காரணம்.

வேகத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 10 அங்குலப் பிளேடு நிமிடத்துக்கு 4,800 சுற்று ஓடினால், விநாடிக்கு 80 சுற்று. 40 பல் பிளேடானால் ஒரு விநாடியில் 3,200 பற்கள் ஓரிடத்தைக் கடக்கின்றன. பல்லின் வேகம் மணிக்குச் சுமார் 230 கிலோமீட்டர். கண்டவுடன் கையை இழுத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கைக்கு இங்கே இடமில்லை. கை அங்கே போகாதபடி முன்கூட்டியே ஏற்பாடு செய்வது ஒன்றே வழி.

இடமும் மின்சாரமும்

மெஷினைத் தரையில் வைத்து, குந்தி உட்கார்ந்து ஓட்டாதீர்கள். உட்கார்ந்தவரால் உதைப்பிலிருந்து விலக முடியாது. முகமும் பிளேடின் நேர்கோட்டில் வரும். ஸ்டாண்டிலோ கனமான பெஞ்சிலோ போல்ட் போட்டு, நின்றால் இடுப்பு உயரத்தில் வரும்படி வையுங்கள். மொட்டை மாடியில் தண்ணீர் ஓடுவதற்காகத் தளம் சரிவாக இருக்கும். மட்டம் பார்த்து, ஆப்பு வைத்து, ஆடாமல் நிறுத்துங்கள். மேசைக்குப் பின்னால், அறுபடும் மரத்தின் முழு நீளத்துக்கு இடம் வேண்டும். வெளியே வரும் பலகையைத் தாங்க அதே உயரத்தில் ஒரு ஸ்டூலோ உருளைத் தாங்கியோ வேண்டும்.

வீட்டில் ஆட்கள் நடமாடும் வழியில் மெஷின் நிற்கக் கூடாது. பிளேடின் நேர்கோட்டில், முன்னும் பின்னும், யாரும் நிற்கவும் கூடாது. குழந்தைகள் உள்ள வீடானால், டீ குடிக்கப் போகும்போதுகூடப் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போங்கள்.

1,650 வாட் மெஷின் 230 வோல்ட்டில் ஏழு ஆம்பியருக்குச் சற்று மேலே இழுக்கும். கிளம்பும் நொடியில் இன்னும் அதிகம். ஃபேன், லைட் பிளக்கில் மாட்டாமல் 16 ஆம்பியர் பிளக்கில் மாட்டுங்கள். எக்ஸ்டென்ஷன் தேவையானால் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி கொண்ட கேபிள், முடிந்த அளவு குட்டையாக, முழுவதும் சுருள் பிரித்துப் போட வேண்டும். மெல்லிய நீள ஒயரில் வோல்டேஜ் இறங்கும், மோட்டார் திணறும், திணறும் பிளேடு மரத்தில் கவ்விக்கொள்ளும். பழைய வீடுகளில் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பெரும்பாலும் இருக்காது. அது உள்ள எக்ஸ்டென்ஷன் பெட்டி ஒன்றைச் சொந்தமாக வைத்துக்கொள்வது நல்லது.

கரண்ட் போகும்போது மிகவும் கவனம் வேண்டும். அறுத்துக்கொண்டிருக்கையில் மின்சாரம் நின்றால், முதல் வேலை சுவிட்சை அணைப்பது. இல்லாவிட்டால், மரத்தை எடுத்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் வந்து பிளேடு தானாகக் கிளம்பும். மின்சாரம் திரும்பினாலும் தானாக ஓடாத சுவிட்ச் உள்ள மெஷினையே வாங்குங்கள்.

நம் ஆற்றங்கரை ஊருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி பெருகியபோது சந்திப்பு, மீனாட்சிபுரம், வண்ணாரப்பேட்டைப் பகுதிகளில் வீடு, கடைகளுக்குள் வெள்ளம் புகுந்தது. தண்ணீரில் மூழ்கிய மெஷினை வெயிலில் காயவைத்து அப்படியே ஓட்டக் கூடாது. மோட்டார் சுருளில் ஈரமும் பேரிங்கில் மண்ணும் இருக்கும். சர்வீஸ் கடையில் பிரித்து, இன்சுலேஷன் சோதித்த பிறகே பிளக்கில் மாட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்தில் மெஷினைத் தரையில் வைக்காமல் உயரத்தில் வையுங்கள்.

பிளேடு

நெடுக்கு வெட்டுக்குக் குறைந்த பற்களும் முன்சாய்ந்த பல் கோணமும் நல்லது. குறுக்கு வெட்டுக்கு நிறையப் பற்களும் குறைந்த சாய்வும் நல்லது. கூட்டு மெஷினில் ஒரே பிளேடு இரண்டையும் செய்ய வேண்டும் என்பதால், 40 பல் அளவில், சாய்வு குறைந்த கார்பைடு பிளேடு பொருத்தம். முன்சாய்வு மிகுந்த 24 பல் நெடுக்குப் பிளேடை மைட்டர் வேலைக்குப் போட்டால், தலையை இறக்கும்போது அது மரத்தைக் கொக்கிபோட்டு இழுக்கும்.

பிளேடு வாங்கும்போது நான்கைப் பாருங்கள்.

1. பிளேடில் அச்சிட்ட அதிகபட்சச் சுற்று, உங்கள் மெஷினின் சுற்றைவிட அதிகமாக இருக்க வேண்டும்.
2. நடுத்துளை மெஷினின் அச்சுக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். காகிதம் சுற்றியோ, துளையை அரத்தால் ராவியோ மாட்டக் கூடாது.
3. விட்டம் கையேட்டில் சொன்னதே இருக்க வேண்டும். பெரிய பிளேடு மூடியில் உரசும். சிறிய பிளேடுக்கும் பிரிப்புத் தகட்டுக்கும் இடைவெளி கூடிவிடும்.
4. பிளேடின் உடல் கனம், பிரிப்புத் தகட்டின் கனத்தைவிடக் குறைவாகவும், பல் அறுக்கும் அகலம் அதைவிட அதிகமாகவும் இருக்க வேண்டும்.

பிரிப்புத் தகடு என்பது பிளேடுக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும் மெல்லிய இரும்புத் தகடு. கையேடுகளில் ரைவிங் நைஃப் என்று போட்டிருக்கும். அறுபட்ட இரண்டு பாதிகளும் மூடிப் பின் பற்களைக் கவ்வாமல் அதுதான் பிரித்து வைக்கிறது. பிளேடுக்கும் அதற்கும் இடையே 3 முதல் 8 மில்லிமீட்டர் இருக்கலாம். சரியான அளவைக் கையேட்டில் பாருங்கள். மேசை ரம்பத்தில் இதைக் கழற்றிவிட்டு ஒரு வெட்டுகூட வெட்டக் கூடாது. பள்ளம் போட இது தடையாக இருக்கிறது என்று கழற்றுகிறார்கள். பள்ளம் போட ரவுட்டர் இருக்கிறது.

பல் மழுங்கினால் தள்ளுவதற்குப் பலம் அதிகம் தேவைப்படும். பலத்தோடு தள்ளும் கை வழுக்கினால் நேரே பிளேடில் போய் நிற்கும். வெட்டில் கரிந்த தடம் தெரிந்தாலோ, புகை வாசம் வந்தாலோ சாணைக்குக் கொடுக்கும் நேரம் வந்துவிட்டது. ஒரு பல் உடைந்திருந்தாலும் அந்தப் பிளேடை மாட்டாதீர்கள்.

நம் ஊருக்கு வரும் மரம்

செங்கோட்டை அறுவை மில்களிலிருந்தும், தூத்துக்குடி துறைமுகத்தில் இறங்கும் வெளிநாட்டு மரத்திலிருந்தும், பழைய வீடு இடிக்கும் இடங்களிலிருந்தும் நமக்கு மரம் வருகிறது. ஒவ்வொன்றும் மெஷினில் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ளும்.

ஈரம் காயாத சட்டத்தை நெடுக்கே அறுக்கும்போது, உள்ளே அடங்கியிருந்த இழுவிசை விடுபட்டு, அறுத்த பாதிகள் உட்புறமாக வளையும். பிளேடு கவ்விக்கொள்வது பெரும்பாலும் இந்த மரத்தில்தான். சாரல் காலத்தில் மில்லிலிருந்து வந்த மரத்தை நிழலில் அடுக்கி ஆறவிட்ட பிறகே மெஷினில் ஏற்றுங்கள். வேம்பிலும் பூவரசிலும் நார் பின்னிக்கொண்டு ஓடும். அவற்றை மெதுவாகத் தள்ளுங்கள். தேக்கில் சிலிக்கா இருப்பதால் பல் சீக்கிரம் மழுங்கும். அதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பைத் தரும்.

பழைய பனங்கையை எடுத்து மேசை, பெஞ்சு செய்வது இப்போது வழக்கமாகி வருகிறது. பனையின் கறுத்த நார் இரும்புபோல இறுகியது. வெட்டும் இடத்தில் ஊசிச் சிராம்புகளாகத் தெறிக்கும். கண்ணாடி போடாமல் பனையை அறுக்கவே கூடாது. உருண்டையான பக்கம் மேசையில் படும்படி வைக்காமல், முதலில் ஒரு பக்கத்தை இழைத்துத் தட்டையாக்கிக்கொள்ளுங்கள்.

பழைய நிலை, உத்திரம், கதவு எதுவானாலும் ஆணி இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெயின்டைச் சுரண்டிவிட்டு, வலுவான காந்தத்தை மரத்தின் நான்கு பக்கமும் ஓட்டுங்கள். துரு கறுத்த புள்ளி கண்ட இடத்தைத் தோண்டிப் பாருங்கள். ஆணியில் மோதிய கார்பைடு பல் உடைந்து பறக்கும்.

உடுப்பும் காப்பும்

சாரம் கட்டிக்கொண்டு மெஷினில் நிற்காதீர்கள். தோளில் துண்டு வேண்டாம். கையில் சாமிக் கயிறு, மோதிரம், காப்பு வேண்டாம். அரைக்கைச் சட்டை, பேன்ட், மூடிய காலணி இவைதான் உடுப்பு. தலைமுடி நீளமானால் கட்டி உள்ளே செருகுங்கள். கையுறை போட வேண்டாம். ஒரு நூலைப் பிளேடு பிடித்தாலும் கை முழுவதையும் உள்ளே இழுத்துவிடும்.

கண்ணுக்குப் பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடி. காதுக்கு மஃப். மூச்சுக்கு என் 95 தர மாஸ்க். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் 1995-லேயே சேர்த்துவிட்டது. மூக்கின் உட்பகுதியில் வரும் புற்று அதில் முக்கியம். துண்டை மூக்கில் கட்டினால் நுண்தூள் நிற்காது. மெஷினின் தூள் குழாயில் வாக்குவம் மாட்டுங்கள். மரத்தூள் குவிந்த இடத்தில் பீடி பற்றவைக்க யாரையும் விடாதீர்கள்.

மேசை ரம்பமாக ஓட்டுவது

தலை கீழே பூட்டியிருக்கிறதா, கீழ்ப் பாதிப் பிளேடு மூடப்பட்டிருக்கிறதா, பிரிப்புத் தகடும் மேல் மூடியும் இடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு:

1. மரத்தின் தட்டையான முகம் மேசையிலும், நேரான ஓரம், பிளேடுக்கு இணையாக மேசையில் நிற்கும் கைடிலும் படட்டும். நேரான ஓரம் இல்லாத மரத்தை முதலில் இழைத்து நேராக்குங்கள்.
2. பிளேடு மரத்துக்கு மேலே 3 முதல் 6 மில்லிமீட்டர் மட்டும் நீட்டும்படி வையுங்கள்.
3. கைடு பிளேடுக்கு இணையாக இருக்கிறதா என்று பிளேடின் முன்பல்லிலும் பின்பல்லிலும் டேப்பால் அளந்து பாருங்கள். பின்பக்கம் குறுகியிருந்தால் மரம் நெருக்குண்டு உதைக்கும்.
4. கைடு வலப்புறம் இருந்தால், நீங்கள் பிளேடின் நேர்கோட்டைவிட்டுச் சற்று இடப்புறம் நில்லுங்கள்.
5. மோட்டார் முழு வேகம் பிடித்த பிறகு மரத்தைத் தொடுங்கள். இடக்கை மரத்தைக் கைடோடு சேர்த்து அணைக்கும். பிளேடுக்கு முன்னாலேயே அது நின்றுவிட வேண்டும். வலக்கை மட்டும் தள்ளும்.
6. கைடுக்கும் பிளேடுக்கும் இடையே 15 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் தள்ளுகட்டையை எடுங்கள். 5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் மரத்தை மேலிருந்து அழுத்தித் தள்ளும் அகலக் கட்டை வேண்டும்.
7. கைடுக்கும் பிளேடுக்கும் நடுவே உள்ள துண்டைப் பிளேடு முழுவதையும் தாண்டும்வரை தள்ளுங்கள். பாதியில் விட்ட துண்டுதான் உதைக்கும்.
8. சுவிட்சை அணைத்து, பிளேடு முழுமையாக நின்ற பிறகே துண்டுகளை எடுங்கள்.

கைடைப் பிடித்துக்கொண்டு குறுக்கு வெட்டு வெட்டக் கூடாது. துண்டு கைடுக்கும் பிளேடுக்கும் நடுவே கோணலாகிச் சிக்கிவிடும். குறுக்கு வெட்டுக்கு மைட்டர் பக்கம் இருக்கிறது. எதிலும் சாராமல் வெறுங்கையால் பிடித்து அறுப்பது எந்த நிலையிலும் கூடாது.

பிளேடு திணறி நிற்கப் பார்த்தால் மரத்தைப் பின்னோக்கி இழுக்காதீர்கள். பிடியை விடாமல் சுவிட்சை அணைத்து, பிளேடு நின்றதும் மரத்தை எடுத்துக் காரணத்தைத் தேடுங்கள்.

8 அடிக்கு 4 அடி பிளைவுட் ஷீட்டை இந்தச் சிறிய மேசையில் ஏற்ற வேண்டாம். தரையில் ரீப்பர்களின்மேல் ஷீட்டைப் பரப்பி, மூடியுள்ள கை ரம்பத்தை நேர்ச்சட்டத்தை ஒட்டி ஓட்டி, அரை அங்குலம் கூட வைத்து வெட்டிக்கொள்ளுங்கள். சிறிதான துண்டை மேசையில் கடைசி அளவுக்கு அறுக்கலாம்.

மைட்டர் ரம்பமாக ஓட்டுவது

மேல் மேசை உள்ள மெஷினில், மைட்டர் வேலையின்போது அந்த மேசையை முழு உயரத்துக்கு ஏற்றிப் பூட்ட வேண்டும். பிளேடின் ஒரு பல்லும் மேலே தெரியக் கூடாது. மேல் மேசையில் பென்சில், டேப், ஸ்க்ரூ எதையும் வைக்காதீர்கள். கீழ் மூடி, தலையை இறக்கும்போது தானாகத் திறந்து, ஏற்றும்போது தானாக மூடுகிறதா என்று பிளக் மாட்டுமுன் ஒருமுறை பாருங்கள்.

மரம் மேசையிலும் பின் தடுப்பிலும் இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். வளைந்த சட்டமானால் அதன் புடைத்த பக்கம் தடுப்பைப் பார்த்து இருக்கட்டும். வெட்டு விழும் இடம் தடுப்பைத் தொட வேண்டும். திருப்பி வைத்தால் வெட்டு முடியும் நேரத்தில் மரம் பிளேடைக் கவ்வும்.

பிளேடின் இரண்டு பக்கமும் 15 சென்டிமீட்டர்வரை கை வரக்கூடாத இடம். மேசையிலேயே சிவப்புப் பெயின்ட்டால் கோடு போட்டு வையுங்கள். அதைவிடச் சிறிய துண்டு தேவையென்றால் நீளச் சட்டத்தின் நுனியிலிருந்து வெட்டுங்கள், அல்லது கிளாம்ப் போடுங்கள். இடக்கையை வலப்பக்கம் நீட்டி, கைகளைக் குறுக்கே போட்டுப் பிடிக்காதீர்கள்.

முழு வேகம் பிடித்த பிறகு தலையை ஒரே சீராக இறக்குங்கள். வெட்டு முடிந்ததும் சுவிட்சை விட்டு, தலையைக் கீழேயே பிடித்து, பிளேடு நின்ற பிறகு ஏற்றுங்கள். சுற்றும் பிளேடை மேலே தூக்கினால் சிறு துண்டைக் கொத்தி எறியும். வெட்டி விழும் துண்டின் பக்கம் தடைக்கட்டை வைக்கக் கூடாது. அந்தத் துண்டுக்கு நகர இடம் வேண்டும். கதவுச் சட்டத்துக்கு 45 டிகிரி வெட்டும்போது, தலை மூடியின் எந்தப் பக்கமும் தடுப்பில் இடிக்கவில்லையா என்று மோட்டார் ஓடாமல் ஒருமுறை இறக்கிப் பாருங்கள்.

மாற்றும் முறை

அவசரத்தில் தவறு நடப்பது இந்த இடத்தில்தான். ஒரு ஜன்னல் செய்யும்போது பத்து முறையாவது மாற்ற வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் இந்த வரிசை:

1. சுவிட்சை அணைத்துப் பிளேடு நிற்பதைக் கண்ணால் பாருங்கள்.
2. பிளக்கைப் பிடுங்கி, உங்கள் கண்ணில் படும்படி மேசைமேல் போடுங்கள்.
3. மேசையிலும் மூடிக்குள்ளும் உள்ள தூள், சிம்பு எல்லாவற்றையும் பிரஷால் தட்டுங்கள். பூட்டு முள் சரியாக விழாமல் போவதற்குத் தூள்தான் காரணம்.
4. மேசை ரம்பத்துக்கு மாற்றினால்: தலையை இறக்கிப் பூட்டு முள்ளைப் போடுங்கள். கோணத்தைப் பூஜ்ஜியத்தில் நிறுத்துங்கள். கீழ்க் காப்பைப் பொருத்துங்கள். மேல் மேசையை இறக்கி இறுக்குங்கள். பிரிப்புத் தகடு, மேல் மூடி, கைடு, தள்ளுகட்டை நான்கையும் தொட்டுப் பாருங்கள்.
5. மைட்டருக்கு மாற்றினால்: கைடை எடுங்கள். மேல் மேசையை உச்சத்துக்கு ஏற்றி இறுக்குங்கள். கீழ்க் காப்பை எடுங்கள். தலையைக் கையால் பிடித்துக்கொண்டே பூட்டு முள்ளை இழுங்கள். ஸ்பிரிங் தலையை வேகமாகத் தூக்கும். கீழ் மூடி மூடுகிறதா என்று பாருங்கள்.
6. புரட்டும் வகையானால், புரட்டிய பிறகு மேசைப் பூட்டு விழுந்த சத்தத்தைக் கேட்டு, இரண்டு கையாலும் அசைத்துப் பாருங்கள்.
7. சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று பார்த்து, பிளக்கை மாட்டி, மரம் இல்லாமல் சில விநாடி ஓடவிடுங்கள். புதிய சத்தம் கேட்டால் நிறுத்துங்கள்.

இதற்கு ஆகும் நேரத்தைக் குறைக்க நல்ல வழி, வேலையைப் பிரித்துக்கொள்வது. ஜன்னலுக்கு வேண்டிய எல்லாச் சட்டங்களையும் முதலில் நெடுக்கே அறுத்து முடியுங்கள். பிறகு மெஷினை மாற்றி எல்லாக் குறுக்கு, கோண வெட்டுகளையும் போடுங்கள். பத்து மாற்றம் ஒன்றாகக் குறையும்.

கையாளுக்கு

நீளப் பலகைக்குப் பின்னால் நிற்கும் கையாள் பலகையைத் தாங்க மட்டும் செய்ய வேண்டும், இழுக்கக் கூடாது. இழுத்தால் ஆசாரியின் கை பிளேடை நோக்கிப் போகும். ஓட்டுமுன் "ஓட்டலாமா?" என்று ஆசாரி கேட்க வேண்டும், "ஓட்டுங்க அண்ணாச்சி" என்று பதில் வந்த பிறகே சுவிட்ச். "நிறுத்து" என்று யார் சொன்னாலும், ஏன் என்று கேட்காமல் உடனே அணைக்க வேண்டும். காதில் மஃப் இருப்பதால் கையைத் தூக்கும் சைகையும் பேசிவையுங்கள். மெஷின் ஓடும்போது தோளில் தட்டிக் கூப்பிடக் கூடாது. 18 வயது ஆகாதவரை இந்த மெஷினில் விடாதீர்கள்.

அடிபட்டால்

சுவிட்சை அணையுங்கள். சுத்தமான துணியால் காயத்தை நேராக அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்துங்கள். காப்பித்தூள், மஞ்சள்தூள், மரத்தூள் எதையும் வைக்காதீர்கள்; புண் கெடும், டாக்டருக்கும் காயம் தெரியாது. மோதிரம் இருந்தால் வீங்குமுன் கழற்றுங்கள். விரல் துண்டானால், அதைக் கழுவித் தேய்க்காமல், ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணீரில் வையுங்கள். விரல் நேரடியாக ஐஸில் படக் கூடாது.

108-க்குக் கூப்பிடுங்கள். டவுணிலிருந்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக ஈரடுக்கு மேம்பாலத்தையும் தாமிரபரணிப் பாலத்தையும் கடக்க வேண்டும். மாலை நேரத்தில் நெரிசல் உண்டு. பைக்கின் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப் போனால் வழியில் மயங்கி விழக்கூடும். வேலை தொடங்கும் முன்பே, எந்தத் தெரு வழியாக வண்டி உள்ளே வரும் என்று பார்த்து வையுங்கள். ஆனித் தேரோட்டத்தன்று ரத வீதிகளில் வண்டி நகராது. அன்று அந்தப் பகுதியில் மெஷின் வேலையே வேண்டாம்.

பொறுப்பு யாருடையது

சுழலும் பாகங்களுக்குத் தடுப்புப் போட வேண்டும் என்பதை 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 21-ஆம் பிரிவில் கட்டாயமாக்கியது. ஆனால் அது மின்சாரம் பயன்படுத்தும் இடங்களில் குறைந்தது 10 பேர் வேலை செய்யும் தொழிற்சாலைகளுக்கானதாகவே இருந்தது. ஆசாரியும் கையாளும் மட்டும் நிற்கும் முற்றத்துக்கு எந்த இன்ஸ்பெக்டரும் வந்து மூடி இருக்கிறதா என்று பார்க்கப்போவதில்லை. அங்கே சட்டமும் இன்ஸ்பெக்டரும் ஆசாரிதான்.

வேலை கொடுப்பவருக்கும் ஒரு வேண்டுகோள். மூடியோடும் தகட்டோடும் ஓட்டும் ஆசாரிக்கு ஒரு நாள் கூடுதலாக ஆகும் என்றால் அதைக் கொடுங்கள், அவசரப்படுத்தாதீர்கள். ஆசாரிமாருக்கு: 1994 முதல் இயங்கும் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் தச்சு வேலை செய்பவர்களும் பதிவு செய்யலாம், விபத்தில் உறுப்பு இழந்தால் அதன் வழியாக உதவித்தொகை உண்டு. 18 வயது முடிந்து 60 ஆகாத ஒவ்வொருவரும் இந்த வாரமே பதியுங்கள், பதிந்தவர்கள் புதுப்பியுங்கள். அந்தப் பணம் எதுவும் ஒரு விரலுக்கு ஈடாகாது. ஆகவே மூடியைக் கழற்றாதீர்கள். மாற்றும்போதெல்லாம் பிளக்கைப் பிடுங்குங்கள். உங்களிடம் தொழில் பழக வரும் பிள்ளைக்கு வெட்டக் கற்றுக்கொடுக்குமுன் இந்த இரண்டையும் கற்றுக்கொடுங்கள்.